முதல் வரிசையில் வத்தல் கடைக்காரர்

பாடகர் மூன்றாவது முறை இருமியதும் வயலின்காரர் வில்லை மடியில் வைத்துவிட்டார். மேடைக்கு வெந்நீர் ஃபிளாஸ்க் போனது. மிருதங்கக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குற்றவாளி அதுதான் என்பதுபோல் மேலே சுழன்ற விசிறியைப் பார்த்தார். முதல் வரிசையில் ஒரு அம்மாள் தும்மினாள். இரண்டாவது வரிசையில் இன்னொருவர் தும்மினார். சபைச் செயலாளர் அனந்தபத்மநாபன் எழுந்து, முதுகை வளைத்து, மூக்கை நீட்டியபடி வரிசை வரிசையாக நடந்தார். ஐந்தாவது வரிசையில் தொடங்கியவர் முதல் வரிசையின் நடுவுக்கு வந்ததும் நின்றார்.

நடுவில் இருந்த கோமதிநாயகம் இருமவும் இல்லை, தும்மவும் இல்லை. பாட்டை எதற்கு நிறுத்தினார்கள் என்ற எரிச்சலில் இருந்தார்.

"நீர் எங்கேர்ந்தாக்கும் வர்றீர்?"

"ஆரியசாலை."

"அங்கே என்ன ஜோலி?"

"வத்தல் கடை."

செயலாளர் நிமிர்ந்தார். அரங்கத்துக்குப் பொதுவாக, "மிளகா வத்தல்" என்று அறிவித்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு அவர் மேடையைப் பார்த்துக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். கோமதிநாயகத்தைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். கோமதிநாயகம் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தார். செயலாளருக்கும் கச்சேரி நடுவில் ஒரு ஆளைத் தூக்கி வெளியே போட முடியவில்லை. பாடகர் மீதிப் பாட்டுகளைச் சுருக்கிப் பாடி, சீக்கிரமே மங்களம் பாடிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

கோமதிநாயகத்துக்கு ஐம்பத்தேழு வயது. சுரண்டைக்காரர். முப்பத்தோரு வருஷமாக இந்த மலையாளத்து ஊரில், ஆரியசாலை என்கிற கடைத்தெருவில், ஒரே மொத்தக் கடையில் வேலை. குண்டூரிலிருந்து லாரியில் வரும் மூட்டையைப் பிரித்து, காம்பு இருப்பதையும் இல்லாததையும் தரம் பிரித்து, எடை போட்டு, மறுபடி கட்டுவது. மனைவி முத்தாரம்மாள் சுரண்டையில் மகள் வீட்டோடு இருந்தாள். இவர் கடையின் சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்கு மேலே ஒரு அறையில் இருந்தார். பகல் முழுக்க வெயில் குடித்த கிட்டங்கி, சாயங்காலம் கதவைப் பூட்டியதும் மேல்நோக்கி மூச்சு விடும். ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை அந்த அறையில் மனிதன் இருக்க முடியாது. அவராலும் முடியாது. தும்மல் நின்றுபோய் வருஷங்கள் ஆகிவிட்டன என்றாலும் கண் எரியும்.

ஆகவே அவருக்கு தினமும் மூன்று மணி நேரம் உட்கார ஓரிடம் வேண்டியிருந்தது. கூரையும் விசிறியும் இருந்தால் நல்லது. யாரும் எதுவும் கேட்கக் கூடாது. இந்த ஊரில் அப்படிப்பட்ட இடங்களில் ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். கலை அவருக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

டீக்கடைப் பேப்பரில் உள்பக்கத்து மூலையில் நகரத்தில் இன்று என்ன நிகழ்ச்சி என்று ஒரு பத்தி வரும். அதற்காகவே மலையாளம் எழுத்துக்கூட்டிப் படித்தார். வேறு எதையும் அந்த மொழியில் அவர் படித்ததில்லை. படிக்கிற ஆசையும் கிடையாது. பத்தியை வைத்துக்கொண்டு அவர் போடுகிற கணக்கு எப்போதும் சரியாக இருக்கும். மந்திரி பெயர் இருந்தால் ஒரு மணி நேரம் தாமதம். புத்தக வெளியீடு என்றால் கடவுள் வாழ்த்துப் பாடுகிற பெண்ணுக்கு நல்ல குரல் இருக்கும்; அவள் முடித்ததும் எழுந்துவிட வேண்டும். இரங்கல் கூட்டத்தில் சில சமயம் கஸல் உண்டு. கனகக்குன்றில் நாட்டியம், புத்தரிக்கண்டம் மைதானத்தில் சினிமாப் பாட்டுக் கானமேளா, மானவீயம் வீதியில் தாடிவைத்த பையன்கள் கிட்டார். 'பாஸ் மூலம் அனுமதி' என்று போட்டிருந்தால் அந்த அமைப்பாளரின் குடும்பத்தையே வைதுவிட்டு அடுத்த வரிக்குப் போவார்.

ரசிகர் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். மோசமான மிருதங்கத்தைக் கேட்டால் அதைவிடக் கோபம் வரும். ராகங்களின் பெயர் தெரியாது. முதலில் கேட்ட இடத்தின் பெயரை வைத்துக்கொள்வார். ஒரு ராகம் புத்தரிக்கண்டம். இன்னொன்று சங்குமுகம். மூன்றாவது, மழைக்கு ஒதுங்கிய ஒரு கல்யாண மண்டபத்தின் பெயர். ஃபோனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கிறவர்களையும் தொடையில் தப்பாகத் தாளம் போடுகிறவர்களையும் முன்னுரை பேசுகிறவர்களையும் அவருக்குப் பிடிக்காது. இப்படிக் கழித்துப் பார்த்தால் சபைக்கு வருகிறவர்களில் பிடித்தவர் என்று ஒருவரும் மிஞ்சமாட்டார்.

கோட்டைக்குள் அக்ரகாரத் தெரு ஒன்றில் இருந்த இந்தச் சின்ன சபைக்கு அவர் ஆறு வருஷமாக வருகிறார். நூற்றிருபது நாற்காலி. மேடை முழங்கால் உயரம்தான். முதல் வரிசையில் இருந்தால் மிருதங்கத்தின் நடுவில் கரிய கரணை தெரியும், விரல் எங்கே விழுகிறது என்று தெரியும். ஒலிபெருக்கியில் கேட்பது அவருக்குக் கேட்பதே அல்ல. வருஷத்தில் ஐந்து நாள் விழா. வாசலில் தட்டி வைப்பார்கள்: அனைவரும் வருக, அனுமதி இலவசம்.

கச்சேரி முடிந்து கூட்டம் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது செயலாளர் அவரை அந்தத் தட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தார். நாளையிலிருந்து வெளித் திண்ணையில் இருந்து கேட்கலாம், அங்கே ஸ்பீக்கர் கட்டியிருக்கிறது என்றார். பாடுகிறவர்களின் தொண்டை அவர்களுக்குச் சோறு என்றார். இத்தனை வருஷமும் ஏதோ ஒரு நெடி வந்துகொண்டிருந்தது, எலி செத்துக் கிடக்கிறது என்று இரண்டு தடவை மேல்தட்டைப் பிரித்துப் பார்த்தோம் என்றும் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

கோமதிநாயகம் தட்டியைக் கையால் தட்டினார். "அனைவரும்னு எழுதியிருக்கே சாமி. அனைவரும்னா யாரு? ஒரு லிஸ்ட் குடும், தெரிஞ்சுக்கிடுதேன்."

"வெறுதே வழக்குக்கு நிக்காதேயும். உம்மமேல வாடை அடிக்கிறது. அதாக்கும் விஷயம்."

"எந்த வாடை?"

செயலாளர் சாய்ந்த தட்டியை நேராக நிமிர்த்தி வைத்தார். கோமதிநாயகத்துக்கு வேண்டிய பதில் அதிலேயே கிடைத்துவிட்டது. ஆறு வருஷமாக இந்த ஆள் தன்னைப் பார்த்து ஒரு முறைகூடத் தலையசைத்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. பக்கத்து நாற்காலிக்கு வருகிற சரசம்மா ஒவ்வொரு முறையும் புடவைத் தலைப்பை இழுத்து மடியில் அள்ளி வைத்துக்கொள்வதும் நினைவுக்கு வந்தது. மிளகாய் ஒரு சாக்கு என்று அவர் முடிவுகட்டினார். முப்பத்தோரு வருஷமாகத் தான் அந்த நெடியிலேயே கிடக்கிறோம், தனக்கு ஒன்றும் ஆகவில்லையே.

"குளிச்சு, புதுசு உடுத்திட்டு வாரேன். நாளைக்கு இதே நாற்காலியில இருப்பேன். மேடையில ஒரு ஆள் இருமட்டும். அன்னைக்கோட இந்தப் படி ஏறமாட்டேன்" என்றார்.

"இத்தனை பேர் கேட்டாச்சு."

"கேக்கட்டும்னுதான் சொல்லுதேன்."

மறுநாள் மிருதங்கத்துக்குப் பாலக்காட்டுக்காரர் ஒருவர். அவர் வாசிப்பதை மூன்று தடவை லாரி வந்து தவறவிட்டிருந்தார் கோமதிநாயகம். முதல் தடவை கதவுக்கு வெளியே நின்று கடைசி இரண்டு நிமிஷம் மட்டும் கேட்டிருந்தார். அந்த இரண்டு நிமிஷத்துக்காக இரண்டு வருஷமாகப் பத்தியில் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். இப்போது தேடிய பெயர், தன் வாயாலேயே பணயம் வைத்த நாளில் வந்து விழுந்திருந்தது.

காலையில் கடையில் போய் அரைநாள் லீவு கேட்டார். முதலாளி செல்வகணேஷுக்கு முப்பத்தாறு வயது. அப்பா போனபின் கடைக்கு வந்தவர். லோடு வருகிற நாள் என்றார். எதற்கு என்று கேட்டார். குளிக்க என்று கோமதிநாயகம் சொன்னார்.

"குளிக்க அரைநாளா? எந்த ஊருக்கு மாப்பிள்ளையாப் போறீக அண்ணாச்சி?"

கச்சேரி என்றதும் செல்வகணேஷ் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பினார். ஃபோனில் வராத பாட்டா, அந்த ஐயர்மாருக்கு நடுவில் போய் உட்கார்ந்து என்ன கிடைக்கிறது, அவர்கள் ஒருநாளாவது ஒரு டம்ளர் காப்பி கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். கொடுத்ததில்லை. ஆனால் முதலாளி வாயிலிருந்து வந்ததால் அது நியாயமாகப் படவில்லை. லோடு வந்தால் இறக்கி வையுங்கள், நாளைக்குப் பிரிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனார்.

பழவங்காடிப் பக்கம் யாத்ரீகர்கள் காசு கொடுத்துக் குளிக்கிற இடத்துக்குப் போனார். சோப்பு மூன்று தடவை. தலைக்குச் சீயக்காய். நகக்கண்ணில் பிரஷ் போட்டுத் தேய்த்தார். பழைய சட்டை வேட்டியை அங்கேயே ஒரு பையில் கட்டி, தெரிந்த பூக்கடையில் கொடுத்து வைத்தார். உடுத்தியது இரண்டு நாளாக இஸ்திரிக் கடையிலேயே கிடந்த சட்டை. வேட்டி அன்றைக்கு வாங்கியது, மடிப்புக் கலையவில்லை. ஐந்தே காலுக்கு சபையில் முதல் ஆளாக முதல் வரிசையில் நடு நாற்காலியில் இருந்தார்.

செயலாளர் வந்தார். குனிந்து அவர் தோளுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனார். ஒரு மூச்சு இழுத்தார். மறு தோளுக்குப் போய் இன்னொரு மூச்சு. மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கிறவன்கூட மாட்டின் முகத்தை ஒரு தடவை பார்ப்பான். இவர் பார்க்கவில்லை.

"கொள்ளாம்" என்று, தேறிவிட்டதுபோல் சொல்லிவிட்டுப் போனார்.

சரசம்மா வந்து, ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை இவர் பக்கம் சாய்த்து, இன்று பரவாயில்லை என்பதுபோல் மறுபக்கத்துப் பெண்ணிடம் கையைக் காட்டினாள். கோமதிநாயகம் அதைப் பார்த்தார். பார்க்காததுபோல் இருந்தார்.

பாடியது அனுஷா என்று ஒரு பெண். இருபத்தைந்து இருக்கும். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, மாலை நேரக் கச்சேரி அவளுக்கு இந்த ஊரில் இதுதான் முதல் என்று செயலாளர் மைக்கில் சொன்னார். சொல்ல வேண்டியதைவிடப் பத்து நிமிஷம் அதிகம் சொன்னார். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் ஓரத்தில் விரலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உஷ்ணமாக இருக்கிறது என்று அவள் கேட்டதற்காக ஒரு நிற்கும் விசிறியைக் கொண்டுவந்து முதல் வரிசைக்குப் பின்னால் மேடையைப் பார்க்க வைத்தார்கள்.

கோமதிநாயகம் அவளை எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தொண்டையில்தான் அவருடைய நாற்காலி இருந்தது. ஒவ்வொரு முறை அவள் மூச்செடுக்கும்போதும் அவர் தன் மூச்சை நிறுத்தினார். முதல் பாட்டு போனது. இரண்டாவது போனது. தண்ணீர் குடித்தாள், அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். ஒன்றுமில்லை, சும்மா குடித்தாள். மூன்றாவதாகச் சங்குமுகம் ராகத்தை விரித்துப் பாடினாள். நன்றாகப் பாடுகிறாள் என்பது நாலைந்து நிமிஷம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. அதற்குப் பிறகு பயம் கொஞ்சம் குறைந்தது.

பிறகு பாலக்காட்டுக்காரர் தனி வாசிக்கத் தொடங்கினார்.

தனி ஆவர்த்தனம் தொடங்கினால் பாதி அரங்கம் காப்பிக்கு எழுந்துவிடும். எந்த சபையிலும் அதுதான் வழக்கம். தன் வரிசை ஆட்களுக்கு வழிவிட்டு இவரும் எழுந்து, விசிறிக்குப் பக்கத்தில் நின்றபடி கேட்டார். இடது கை அழுத்தத்தில் தோல் முனகியது. வலது கை அதற்கு ஒவ்வாத ஒரு கணக்கைச் சொல்லிக்கொண்டு போய், போன இடம் தெரியாமல் இருந்து, சரியாக வீட்டு வாசலில் வந்து நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன் கதவுக்கு வெளியே கேட்டது இதன் வால்தான் என்று தெரிந்தது. நேற்று வாங்கிய அவமானத்துக்கு இது போதும் என்று அவருக்குத் தோன்றியது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

காப்பி குடித்தவர்கள் திரும்பினார்கள். அவருடைய நாற்காலியில் யாரோ டம்ளரை வைத்து எடுத்திருந்தார்கள். வட்டமாகக் கறை. வேண்டுமென்றே வைத்திருப்பார்கள் என்று நினைத்தார். கையில் வைத்திருந்த துணிப்பையிலிருந்து துண்டை எடுத்துக் கறையைத் துடைத்தார். துடைத்த கையோடு துண்டைப் பிரித்து நாற்காலியில் பட் பட்டென்று இரண்டு தட்டுத் தட்டினார். அவர் ஊர்ப் பக்கத்து ஆட்கள் எங்கே உட்கார்ந்தாலும் அப்படித்தான் உட்காருவார்கள். தூசு இருக்கிறதா என்று பார்த்துத் தட்டுவதில்லை. கை தானாகத் தட்டும். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மிருதங்கம் முத்தாய்ப்பு வைத்தது. அனுஷா பல்லவியை எடுப்பதற்காக வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுத்தாள்.

இருமினாள்.

சமாளித்துக்கொண்டு மறுபடி எடுத்தாள். பாதி வரியில் குரல் கிழிந்தது. வயலின்காரர் அவளுக்காக அந்த வரியை வாசித்து இட்டு நிரப்பப் பார்த்தார். அவருக்கும் தும்மல் வந்தது. அவள் கண்ணைத் துடைத்தாள். கண் இன்னும் சிவந்தது. மூன்றாவது தடவை எடுத்தபோது சத்தமே வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

சொல்லிக்கொடுத்து நடிக்க வைத்திருக்கிறார்கள் என்றுதான் கோமதிநாயகம் முதலில் நினைத்தார். செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். செயலாளரும் வாயைப் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். சரசம்மா தலைப்பால் மூக்கை அடைத்திருந்தாள். மேடை ஓரத்தில் பெண்ணின் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அந்தப் பெண்ணின் முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அப்படி யாராலும் நடிக்க முடியாது.

துண்டு. நேற்று இரவு அவரே சோப்புப் போட்டுத் துவைத்தது. துவைத்துக் காயப்போட்டது மாடி அறைக் கொடியில். ராத்திரி முழுக்க, காலை முழுக்க அது கிட்டங்கியின் மூச்சில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. மத்தியானம் போய் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். சட்டையை யோசித்தார், வேட்டியை யோசித்தார், நகத்தைக்கூட யோசித்தார். துண்டை அவர் யோசிக்கவே இல்லை. அதை ஒரு உடுப்பாக அவர் நினைத்ததில்லை. தோள்போல அது அவரோடு இருந்தது.

செயலாளர் வந்து இரண்டு விரலால் அந்தத் துண்டைப் பற்றி உருவி, பக்கவாட்டு ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளியே போட்டார். அரங்கம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எழுந்திரும்."

ஒரு ஆளின் தோள் துண்டை உருவி எறிவது சுரண்டையில் வெட்டுக்குத்தில் போய் நிற்கும். கோமதிநாயகம் நாற்காலியின் கையைப் பிடித்தபடி இருந்தார். "அதை எடுத்துட்டு வந்து குடும். பொறவு எந்திரிக்கேன்" என்றார். செயலாளர் மறுபடியும் எழுந்திரும் என்றார். பின்வரிசையிலிருந்து போலீஸைக் கூப்பிடச் சொல்லி ஒரு குரல் வந்தது. இவர் அசையவில்லை. இன்னும் ஒரு மணி நேரம்கூட அப்படியே இருந்திருப்பார்.

அப்போது மேடையிலிருந்து அனுஷா பேசினாள். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, இருக்கிற குரலில் பேசினாள். "அங்கிள், ப்ளீஸ். கொஞ்சம் வெளியே போங்கோ. என்னால முடியல்லை."

அவர் எழுந்தார். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அம்மா கொடுத்த வெந்நீரில் முகத்தைப் புதைத்திருந்தாள். பாலக்காட்டுக்காரர் மட்டும் மிருதங்கத்தின் மேல் கையை வைத்தபடி, எந்த அபிப்பிராயமும் இல்லாமல் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் வாசல்வரை கூடவே வந்தார். படிக்கட்டில் கோமதிநாயகம் திரும்பி நின்றார்.

"இருமல் வந்தது வாஸ்தவம். என் தப்பு. ஆனா ஒண்ணு சாமி, நீரு சாயங்காலம் என்னை மோந்து பாத்தது வத்தலுக்காக இல்ல."

அனந்தபத்மநாபன் உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே அந்தப் பெண் மறுபடி முயன்று பார்க்கிற சத்தம் கேட்டது.

"எதுக்காக இருந்தா என்ன ஓய்? அவ தொண்டை போச்சு" என்றார்.

கோமதிநாயகம் செருப்பை மாட்டிக்கொண்டார். ஜன்னலுக்குக் கீழே போய்த் துண்டைத் தேடி எடுத்தார். உதறப் போன கையை நிறுத்தி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

மறுநாள் வியாழக்கிழமை. காலை ஏழரைக்குக் கிட்டங்கியைத் திறந்தார். குண்டூர் லோடு அறுபத்திரண்டு மூட்டை. நாற்பதைப் பிரித்தார். செல்வகணேஷ் கச்சேரி எப்படி என்று கேட்டார். நடந்தது என்று சொன்னார். மத்தியானம் முத்தாரம்மாள் ஃபோன் செய்தாள், பேத்திக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். நாலு மணிக்கு டீக்கடையில் பேப்பர் பார்த்தார். பத்தியில் ஐந்து நிகழ்ச்சி இருந்தது; முதல் வரி சபை விழா, அதைத் தாண்டிப் போனார். புத்தரிக்கண்டம் மைதானத்தில் செண்டைமேளம், திறந்தவெளி, ஆறு மணி, மந்திரி தொடங்கி வைக்கிறார் என்று போட்டிருந்தது. ஏழு மணிக்குப் போனார். ஏழேகாலுக்குத் தொடங்கியது. நாற்காலி காலியாக இருந்தது; உட்காராமல் பின்னால் வேலி ஓரமாக நின்று கேட்டார். எட்டரைக்குத் தூறல் போட்டது, கூட்டம் கலைந்தது. தோசை சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுத்தார்.